சின்னத் திருத்தம்

யாராவது என்னிடம், "உங்க போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொன்னால் அந்தப் படத்தை வாங்கி இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பேன். நன்றாக வந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? என்னைவிட நன்றாக என்றுதானே. இந்தச் சந்தேகப் புத்தியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் ஸ்டுடியோ அத்தை.

சொந்த அத்தை இல்லை. திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தவள். அம்மா அவளை மதினி என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அத்தை. அவள் புருஷன் இருந்தவரை ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தாராம். அவர் போன பிறகு கேமராவையும் தட்டுகளையும் மருந்து பாட்டில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் ஒரு நாற்காலியும் திரையும் போட்டு, குளியலறையை இருட்டறையாக்கி, தொழிலை அவளே எடுத்துக்கொண்டாள். போர்டு கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அவளைத் தெரியும், அது போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரே கலருக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் அத்தையிடம் எடுத்த கறுப்பு வெள்ளைதான். வெளியே சொல்லும் காரணம் ஒன்று: கலர் பிலிமை லேபுக்கு அனுப்ப வேண்டும், வயசுப் பெண்ணின் முகம் யார் யார் கையிலோ புரளும். வெளியே சொல்லாத காரணம் இன்னொன்று: கலர், உள்ளது உள்ளபடி காட்டிக்கொடுத்துவிடும். அத்தையின் படத்தில் மாநிறம் சிவப்பாகும். தூக்கின பல் உள்ளே போகும். அம்மைத் தழும்பு மறையும்.

"ஆண்டவன் அவசரத்துல விட்டதை நாம பைய முடிச்சு வைக்கோம். சின்னத் திருத்தம்தான்" என்பாள்.

அவளுக்கு ஒரு முகத்தை அப்படியே விடத் தெரியாது. உங்களிடம் அரிசி விலையைப் பேசிக்கொண்டிருப்பாள். கண் மட்டும் உங்கள் மூக்கோரத்தில் நிற்கும். அவளுடைய வலது கட்டைவிரல் காற்றில், எதையோ தேய்ப்பதுபோலப் பைய அசையும். அவளுக்கே தெரியாமல் அசையும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் போய் மூக்கோரத்தைப் பார்ப்போம். அங்கே ஒன்றும் இருக்காது. அல்லது அதுவரை நாம் பார்க்காத ஒன்று இருக்கும்.

அந்தக் கைகளைச் சொல்ல வேண்டும். விரல் நுனியெல்லாம் பழைய மருதாணி மாதிரி பழுப்பு, நகங்கள் அதைவிடக் கறுப்பு. பிலிம் கழுவும் மருந்தில் வெறுங்கையை விட்டு அளைவதால் வந்த கறை. அந்தப் பழுப்புக்கு மேலே, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும், சுண்ணாம்பு தெறித்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள். சிறுவயதில் நாங்கள் அதை வெற்றிலைச் சுண்ணாம்பு என்றே நினைத்திருந்தோம். அவள் வெற்றிலை போடமாட்டாள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அம்மா மஞ்சள் காமாலையில் கிடந்த மாதத்தில் எங்கள் வீட்டு அடுப்பை அவள்தான் எரித்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். கல்லூரியில் வேதியியல் கிடைத்தபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். "நான் பேரு தெரியாம கலக்குதேன். நீ பேரு தெரிஞ்சு கலக்கு" என்றாள். அவள்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இன்னமும் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் தெருக்கோடியில் கண்டக்டர் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமென்று அவர் மனைவி, பழைய குரூப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தாள். அவருக்கு இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. ஊரில் அவருக்கு அடையாளமே அதுதான். அத்தை பெரிதாக்கிக் கொடுத்த படத்தில் தழும்பு இல்லை. புருவம் வரைந்து வைத்தமாதிரி இருந்தது.

"இது அவுக இல்லையே மதினி" என்று அந்த அம்மாள் படத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவுகதாம்மா. போற எடத்துக்குக் காயத்தோடயா போவாக?" என்றாள் அத்தை.

படம் சுவரேறியது, தினமும் விளக்கு வைத்தார்கள். சில வருஷம் கழித்து ஏதோ பேச்சில் நான் அந்தத் தழும்பைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "தழும்பா? அவுகளுக்கா? நீ யாரையோ நினைச்சுச் சொல்லுத" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு குடும்பம் நடத்திய மனுஷரை அத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவரை வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு அது தெரியவும் இல்லை.

கல்லூரி சேர்ந்த வருஷம், மருந்து கலக்குவதைப் பார்க்கிறேன் என்று ஒருநாள் இருட்டறைக்குள் போனேன். ஜன்னலில் ஒரு பத்தமடைப் பாய், அதன்மேல் கறுப்புப் போர்வை. தட்டில் பழைய மருந்து தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கிடந்தது. அக்னி நட்சத்திர வெக்கை. மருந்து சூடேறினால் பிலிமின் பசை இளகி முகம் வழிந்துவிடும் என்று, சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து தட்டைச் சுற்றிப் போட்டிருந்தாள். பிலிம் கழுவும்போது சிவப்பு விளக்குகூட ஆகாது. கதவைச் சாத்தியதும் என் கை எனக்கே தெரியவில்லை.

அந்த இருட்டில் அவள் பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து மருந்துக்குள் ஏற்றி இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஒரு தோத்திரத்தை முணுமுணுத்தாள். அது முடிந்தால் பிலிம் வெந்துவிட்டதென்று கணக்கு. முடிந்ததும் தண்ணீரில் அலசி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டாள். பிறகு விளக்கைப் போட்டு ஈரப் பிலிமைத் தூக்கிக் காட்டினாள். அதில் கறுப்பு முகமும் வெள்ளை முடியுமாக ஒரு பெண் இருந்தாள்.

"இப்ப இவ பொறக்கல பாத்துக்கோ. இனிமேதான் நான் பெத்து எடுக்கணும்" என்றாள்.

நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெள்ளை. தழும்பும் சுருக்கமும் அங்கே வெளுத்துத் தெரியும். அவற்றைக் கூர்சீவிய பென்சிலால் நிரப்புவாள். பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். ஆனால் முகத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் நெகட்டிவில் அது கறுப்பாக விழும். அதைப் பென்சிலால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஒரு சிவப்புக் கல்லுப்பைக் கரைத்து ஹைப்போவோடு சேர்த்து வைத்திருந்தாள். பிரஷால் தொட்டுவைத்தால் அந்த இடத்துப் படத்தை அது தின்றுவிடும். தின்றது தின்றதுதான், திரும்ப வராது.

என் அக்காவுக்கு வாயோரத்தில் ஒரு வெண்புள்ளி இருந்தது. முதலில் உளுந்து அளவு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போன வருஷத்தில் புளியமுத்து அளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றும் செய்யாது, ஒட்டாது, விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா விட்டுவிட்டாள். அம்மாவால் விட முடியவில்லை. விசேஷ வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பவுடர் டப்பாவோடு அக்காவின் பின்னால் அலைவாள். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அது' என்போம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குப் பம்பாயில் வேலை. போட்டோ கேட்டார்கள். அக்காவை அழைத்துக்கொண்டு நானும் அம்மாவும் அத்தை வீட்டுக்குப் போனோம்.

"இங்கன உக்காருட்டி. மோவாயைக் கொஞ்சம் தூக்கு" என்றாள் அத்தை. கட்டைவிரல் அசைய ஆரம்பித்திருந்தது.

"அத்தை, இதை எடுத்துராதீய" என்று அக்கா வாயோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இருக்கது இருக்கட்டும். பிடிக்காதவங்க படத்தைப் பாத்தே வேண்டாம்னு சொல்லிட்டுப் போட்டும். வீடு வரைக்கும் வந்து பஜ்ஜி தின்னுட்டுச் சொல்ல வேண்டாம்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை, "சரிட்டி. நீ சொன்னா சரி" என்றாள்.

வந்த படத்தில் புள்ளி இல்லை. வாயோரம் துடைத்து வைத்தமாதிரி இருந்தது. நிறமும் ஒரு சுற்று கூடியிருந்தது. "என்ன மதினி, இம்புட்டு நல்லா வந்திருக்கு!" என்று அம்மா படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அக்கா வேலையிலிருந்து வருவதற்குள் அது தபாலில் போய்விட்டது. பதிலும் சீக்கிரமே வந்தது. பெண்ணை மிகவும் பிடித்திருக்கிறது, பையன் லீவில் வந்ததும் நேரில் வருகிறோம் என்று.

அக்கா நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஒங்கட்ட நான் என்ன சொன்னேன் அத்தை?"

"சொன்ன. கேட்டேன்." அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "கை கேக்கலட்டி."

"அந்த நெகட்டிவ எடுங்க. உள்ளபடி ஒண்ணு போட்டுத் தாங்க."

அத்தை நெகட்டிவைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். அக்காவின் வாயோரத்தில் மருந்து தின்ற இடம் மெலிந்து சுற்றியிருந்த நிறத்தோடு சேர்ந்திருந்தது. "இதுல இனி வராது" என்றாள்.

"அப்ப அவங்க நேர்ல வந்து பாக்கும்போது?"

அத்தை கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. வேலை பாதியில் நிற்கிற ஒரு பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது. "படத்தைத் திருத்தியாச்சு. முகம்தான பாக்கி" என்றாள். "அதுக்கும் வழி இருக்கு."

பெண் பார்க்க வந்த நாளன்று காலையில், ஒரு கிண்ணத்தில் பழைய கழுவும் மருந்தையும் தன்னுடைய பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேலை முடிந்த மருந்து பழுத்துக் கறுத்திருக்கும். தொட்ட இடத்தில் கறை பிடிக்கும், அவள் விரல்களைப்போல. அதை அக்காவின் புள்ளிமேல் தடவித் தடவி, சுற்றியுள்ள நிறம் வரும்வரை காயவைத்தாள். அக்கா மறுக்கவில்லை. உள்ளறையில் அப்பா வேஷ்டியை மடிப்புக் கலையாமல் கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்குத்தான" என்று என்னிடம் சொன்னாள்.

வந்தவர்களுக்குத் திருப்தி. பையன் நல்ல மாதிரி. அதிகம் பேசவில்லை, அக்காவைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கல்யாணம் தை மாதம் என்றும், நிச்சயத்தைத் தனியாக வைக்க வேண்டாம் என்றும் பேசி முடித்தார்கள். ஆனால் அந்த ஒரு நாள் நீண்டுவிட்டது. மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி டவுனிலேயே இருந்தாள். கோயிலில், கடையில், எங்கு வேண்டுமானாலும் எதிர்ப்படலாம். கறையோ சில நாளில் வெளுத்துவிடும். அதனால் அத்தை கிண்ணத்தோடு திரும்பத் திரும்ப வந்தாள். அம்மா அவளுக்குக் காப்பி போட்டுக்கொடுத்து வாசல் கதவைச் சாத்துவாள்.

புரட்டாசி முடியும்போது கவனித்தேன். அத்தை தடவும் இடம் பெரிதாகிக்கொண்டிருந்தது. முன்பு வாயோரம் மட்டும். இப்போது மோவாயின் பாதி வரை பிரஷ் போனது. கறை வெளுத்த நாளில் அக்காவைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கறைக்கு அடியில் புள்ளி ஊர்ந்துபோயிருந்தது. மூக்கின் ஓரத்தில் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது.

அப்போது அத்தை கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் எனக்கு நேராக இருந்தன.

"அத்தை, ஒங்க கையில இந்த வெள்ளை எப்ப வந்துச்சு?"

"இதா? தொழிலைக் கையில எடுத்தப்புறம்தான். மருந்துல அளையுதேன்லா" என்றாள், காய்ப்பு விழுந்ததைச் சொல்வதுபோல.

கிண்ணத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொல்லையில் கொட்டினேன். அம்மா என்னைத் திட்டத் திட்ட, அக்காவைப் பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"போட்டோ கழுவுற மருந்தையா? அதுல இருக்கிற ஒண்ணு சிலருக்குத் தோலோட நிறத்தையே எடுத்துடும்மா. ஏற்கெனவே புள்ளி இருக்கிற முகத்துல போயா அதைத் தடவுவாங்க?"

அத்தையிடம் போய் அப்படியே சொன்னேன். அவள் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "கையை யாரு போட்டோ எடுக்கப் போறா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அன்று பெரிய ரகளை. அக்கா யாருடைய சத்தத்துக்கும் பதில் சொல்லாமல் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வாயோரத்திலிருந்து மோவாய் வரை வெள்ளை.

"அவங்களுக்கு இப்படியே படம் எடுத்து அனுப்புவோம்ப்பா. சரின்னா கல்யாணம். இல்லைன்னா இல்ல."

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவர். சரியென்று தலையை ஆட்டினார். வேறு ஸ்டுடியோவுக்குப் போவோம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. முன்பின் தெரியாதவன் முன்னால் அந்த முகத்தோடு போய் உட்கார வைக்க மாட்டேன் என்று அழுதாள். கடைசியில் அத்தையிடமே போனோம். இந்தத் தடவை நான் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிலிம் கழுவும்போது இருட்டில் பக்கத்தில் நின்றேன். படம் போடும்போது சிவப்பு வெளிச்சத்தில் தட்டுக்கு எதிரே நின்றேன். வெறும் தாளில் முதலில் அக்காவின் கண்கள் வந்தன. பிறகு முடி, காது, கழுத்து. வாயைச் சுற்றி மட்டும் தாள் தாளாகவே நின்றது. அத்தையின் கட்டைவிரல் தட்டின் விளிம்பில் தேய்ந்துகொண்டே இருந்தது.

"இதைத் தொடக் கூடாது அத்தை."

"தொடல."

அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுக்குச் சின்ன வயசில் அம்மை போட்டு முகமெல்லாம் குழி, நாங்கள் பார்த்துப் பழகியதுதான். படமெடுக்க வந்த ஸ்டுடியோக்காரருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தன் அம்மாவிடம் காட்ட, குழியெல்லாம் நிரப்பி ஒரு படம் செய்தார். அதைப் பார்த்துத்தான் மாமியார் சம்மதித்தாள். வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துவிட்டு, சாகும்வரை, "போட்டோவுல வந்தவ எங்கட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"அந்தப் படம் மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தா எனக்கு வாழ்க்கை ஏது? கேட்டா கேட்டுட்டுப் போறா கிழவி. உள்ள வந்துட்டேன்லா" என்றாள். சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகத்தில் ஒரு குழியும் தெரியவில்லை.

மறுநாள், காய்ந்த படத்தை அட்டை வைத்து, உறையில் போட்டு, ஒட்டிக்கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். மடங்காமல் போகும் என்றாள். பிரித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெம்பில்லை. எனக்கோ, கண்ணால் பார்த்த படம். அப்பா கூடவே ஒரு கடிதம் எழுதினார். 'பெண்ணின் தற்போதைய புகைப்படம் இத்துடன் உள்ளது. நன்கு பார்த்துத் தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்.' அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை எழுத அவர் பேனா எழவில்லை. அதுதான் படத்தில் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு போனுக்கு அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேசினார். "படம் கெடைச்சுது அண்ணாச்சி. நல்லாப் பாத்தோம். எங்களுக்குப் பரிபூரண சம்மதம். இதுக்கெல்லாம் எதுக்கு மறுபடியும் கேக்கணும்?"

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதார். அன்றிலிருந்து தை வரை அக்கா இருந்த இருப்பை என்னால் மறக்க முடியாது. பவுடர் டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். வெறும் முகத்தோடு கோயிலுக்குப் போனாள், கண்ணாடி வளையல் வாங்கப் போனாள், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசினாள். சித்தி எதிர்ப்படுவாளோ என்ற பயம் அவளுக்கு இல்லை. எதிர்ப்படவும் இல்லை. "எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சரின்னாங்க" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வாள். அவள் பாடி நான் கேட்டது அந்த மாதங்களில்தான்.

அத்தை மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. கல்யாணத்துக்குப் படமெடுக்க அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று அக்காவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மேளம் முழங்க, மாப்பிள்ளையின் அம்மா கூறைப்புடவைத் தட்டோடு மணப்பெண் அறைக்குள் சிரித்துக்கொண்டு நுழைந்தாள். அக்கா எழுந்து, அவளும் சிரித்துக்கொண்டு, கும்பிட்டாள்.

அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. பின்னால் வந்தவளிடம் திரும்பி, "பொண்ணு எங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது சத்தம். "பொண்ணு பாக்க வந்தப்ப இது இல்லையே" என்று அவர்கள் கத்தினார்கள். "அதுக்குத்தான் படம் அனுப்பிச் சம்மதம் கேட்டோம்" என்றார் அப்பா. மாப்பிள்ளையின் அப்பா பையைத் திறந்து, அட்டைக்குள்ளிருந்து படத்தை உருவி அப்பாவின் கையில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். நான் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்த அதே படம். அதே புடவை, அதே தலைசாய்ப்பு. வாயும் மோவாயும் மட்டும் மாசு மருவில்லாமல் இருந்தன. நான் வீட்டுக்குப் போன பிறகு அத்தை தனியாக உட்கார்ந்து அந்த நெகட்டிவையும் மருந்துக்குத் தின்னக் கொடுத்து, புதிதாக ஒரு படம் போட்டிருந்தாள்.

அப்பா படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றான். அவன் கோபப்படவில்லை. அப்பாவின் கையிலிருந்த படத்தைக் காட்டி, "அப்ப இது யாரு?" என்று அக்காவிடம் கேட்டான்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அக்கா.

அவர்கள் வண்டி போன பிறகு மேளக்காரர்கள் உறை மாட்டினார்கள். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மாலையோடு மண்டபத்தின் நடுவில் தனியாக நின்றாள். அத்தை கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூணோரத்திலிருந்து வந்தாள். அக்காவின் மோவாயைப் பிடித்துப் பைய தூக்கினாள். பழுப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டைவிரல் அக்காவின் வாயோரத்தில் தேய்ந்தது.

"மாலையைக் கழத்திராதட்டி. இப்படியே நில்லு. ஒண்ணு எடுத்துக்கிடுதேன். எல்லாத்தையும் சரி பண்ணிரலாம். சின்னத் திருத்தம்தான்."

அக்கா அவள் கையை விலக்கவில்லை. அத்தையின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு மண்டபத்தின் வாசலுக்குப் போனாள். பின்மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த பிலிமை, காலையிலிருந்து எடுத்த எல்லா முகங்களோடும், முழுக்க உருவி வெயிலில் போட்டாள். பிறகு மாலையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு அம்மாவிடம் போனாள்.

அத்தை பின்னாலேயே ஓடிவந்தாள். படியில் உட்கார்ந்து, அந்தப் பிலிமைச் சேலைத் தலைப்பால் மூடினாள். வெயில் பட்ட பிலிமில் எதுவும் மிஞ்சாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. நான் அவள் எதிரே போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிலிமைக் கசங்காமல் விரலால் நீவி, திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கழுவிப் பாக்கேன்ட்டி" என்றாள். "ஏதாவது இருக்கும்."